பொடியின் குணம் அதன் பெயரில் இல்லை

கோலம் போடுகிற கையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒரு நுட்பமான கருவி தெரியும். உள்ளங்கை நிறைய மாவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. விரல் சற்று நெகிழ்ந்தால் இழை தடிக்கும், இறுகினால் மெலியும், கை நகரும் வேகத்துக்கு ஈடாக மாவு இறங்கிக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கும் கோலப்பொடி வெள்ளைக் கல்லை உடைத்துச் சலித்தது. தொட்டால் நறநறவென்று இருக்கும். இழை அறுபடாமல் விழும். அதே கையில் இடியாப்பத்துக்கு அரைத்த நைஸ் மாவை அள்ளினால் கதையே வேறு. இடுக்கில் திரண்டு நிற்கும், உதறினால் கட்டியாகப் பொத்தென்று விழும், மறுபடியும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கோலத்துக்கென்று அரைக்கும்போது அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக எடுக்கச் சொல்வார்கள். கல்லா அரிசியா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. இடுக்கைச் சற்று அகட்டினால் முழு அரிசி தாராளமாக வழியும். நொய் வழியும், ரவையும் வழியும். நைஸ் மாவு மட்டும் மறுக்கும். நாலும் ஒரே அரிசிதான்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான். ஒரு பொடி இன்ன பொருளால் ஆனது என்று தெரிந்துகொள்வதால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துவிடாது. துகளின் அளவு, வடிவம், ஈரம், அது எப்படிக் கொட்டப்பட்டது, எத்தனை நாள் கிடந்தது ஆகியவைதான் அதன் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. வேதியியல் புத்தகத்தில் சர்க்கரைக்கு ஒரு பக்கம் உண்டு; ஆனால் அந்தப் பக்கத்தில், சர்க்கரை சைலோவிலிருந்து இறங்குமா, இறங்காதா, வெடிக்குமா என்பதற்கு விடை இருக்காது. இது ஏட்டுப் பிரச்சினை அன்று. வேதித் தொழிலின் விளைபொருள்களில் ஏறக்குறையப் பாதியும், மூலப்பொருள்களில் முக்கால் பங்கும் மணிகளாகவோ பொடியாகவோ இருப்பதாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நெடர்மன் 1992-இல் எழுதிய நூலில் மதிப்பிட்டார். சிமென்ட், உரம், பால்பவுடர், மாத்திரை, டிட்டர்ஜென்ட், பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு என்று பட்டியல் நீளும். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் எட்வர்ட் மெரோ 1980-களில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். திரவத்தையும் வாயுவையும் கையாளும் ஆலைகள் திட்டமிட்ட உற்பத்தியைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டன. மணிகளையும் பொடியையும் கையாண்ட ஆலைகளோ சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு அளவிலேயே தடுமாறின. வேதிவினை தெரியாததால் வந்த கோளாறு அங்கே குறைவு. குழாய் அடைத்தது, ஹாப்பர் எனும் புனல்போன்ற கொள்கலனிலிருந்து பொருள் இறங்கவில்லை, பொருள் சுவரில் ஒட்டிக்கொண்டது. இவைதான் காரணங்கள்.

ஏன் இப்படி என்று பார்க்க, முதலில் தண்ணீரோடு ஒப்பிடலாம். தொட்டியில் தண்ணீர் உயர உயர அடியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும்; அடியில் துளை போட்டால் நிறைந்த தொட்டியிலிருந்து வேகமாகவும், வற்ற வற்ற மெதுவாகவும் தண்ணீர் வரும். தானியம் அப்படி இல்லை. 1895-இல் ஜான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சதுர மரக் குதிர்களில் தானியத்தை நிரப்பி அடித்தளத்தின் மேல் விழும் சுமையை அளந்தார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடியில் சுமை கூடவில்லை. தானிய மணிகள் ஒன்றையொன்று நெருக்கி, பக்கச் சுவரையும் நெருக்குகின்றன. சுவரோடு உள்ள உராய்வு, மேலே கொட்டிய எடையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. குதிரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது தரை அன்று, சுவர்தான். மணற்கடிகாரம் நேரத்தை ஒழுங்காகக் காட்டுவதும் மணிகள் தண்ணீர்போல் நடந்துகொள்ளாததால்தான்: மேல் குடுவையில் மணல் நிறைய இருந்தாலும் குறைந்தாலும் கழுத்து வழியாக விழும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். தண்ணீரை வைத்து அப்படி ஒரு கடிகாரம் செய்ய முடியாது. ஜான்சனின் கணக்கைத் தெரியாமல் சைலோ கட்டுகிறவர், தண்ணீர்த் தொட்டிக்குச் செய்வதுபோல் அடித்தளத்தைப் பலமாக்கிவிட்டுச் சுவரை மெலிதாக விட்டுவிடலாம். சைலோவைத் திறந்து இறக்கத் தொடங்கும்போது சுவரின் சில இடங்களில் அழுத்தம் நிரப்பியபோது இருந்ததைவிடப் பல மடங்கு ஏறும்; வாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால் சுமையும் ஒரு பக்கமாகச் சாயும். இரும்புத் தகட்டு சைலோக்கள் காலி டப்பாவை நசுக்கியதுபோல் மடங்கி விழுவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

தண்ணீர் இல்லையென்றால், சின்னச் சின்னக் கற்களின் குவியல் என்று நினைத்துக்கொள்ளலாமா? அதுவும் ஓரளவுக்குத்தான். இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில், அணுக்களுக்கு இடையேயான வான்டர்வால்ஸ் ஈர்ப்பு எப்போதும் வேலை செய்கிறது. கூழாங்கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஒட்டும் விசையோ பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதாவது எடையோடு ஒப்பிட்டால் ஒட்டுதல் நூறு மடங்கு ஓங்கிவிடுகிறது. சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே போகப் போக, புவியீர்ப்பு தோற்று ஒட்டுதல் ஜெயிக்கத் தொடங்குகிறது. கோலக்காரியின் விரலிடுக்கில் நைஸ் மாவு நின்றுவிடுவது இந்த எல்லைக்கு அப்பால் நடக்கும் விவகாரம். ஈரம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். துகள்களுக்கு நடுவே நீர் சிறு பாலங்களாக நின்று அவற்றை இழுத்துப் பிடிக்கும். மழைக்காலம் வந்தால் அனல் மின்நிலையங்களில் நிலக்கரி பங்கர்கள் அடைத்துக்கொள்வது வழக்கமான தொல்லை. கோடையில் சலசலவென்று இறங்கிய அதே நிலக்கரி, வாய்க்கு மேலே கோயில் வளைவுபோல ஒரு பாலம் கட்டிக்கொண்டு, பல டன் எடையைத் தாங்கியபடி நிற்கும். கீழே பாய்லர் காத்திருக்கும்.

இதைவிடத் தந்திரமானது பொடிக்கு இருக்கும் ஞாபகம். ஒரு டம்ளர் தண்ணீரை எப்படி ஊற்றினாலும் அது தண்ணீர்தான். மாவு அப்படி இல்லை என்பது படியால் அளந்து வாங்கிய காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். விற்பவர் பொலபொலவென்று சொரிந்து தலைதட்டுவார்; வாங்குபவர் படியைக் குலுக்கித் தட்டி இன்னொரு பிடி போடச் சொல்வார். இரண்டுமே ஒரு படிதான், எடை வேறு. சொரிந்த மாவுக்கும் குலுக்கிய மாவுக்கும் அடர்த்தி வேறாக இருப்பதோடு, வலிமையும் வேறாக இருக்கிறது. அழுந்திக் கிடந்த பொடி இறுகும்; நாள்பட அழுந்திக் கிடந்தால் இன்னும் இறுகும். வெள்ளிக்கிழமை மாலை ஒழுங்காக ஓடிய ஹாப்பர் திங்கட்கிழமை காலையில் அடம்பிடிப்பதன் ரகசியம் இதுதான். போலந்தில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஜெனிக்கே, இந்த ஞாபகத்தை அளக்கலாம் என்று காட்டினார். சிறு வளையம் ஒன்றில் பொடியை நிரப்பி, எடை வைத்து அழுத்தி, பிறகு மேல் பாதியைப் பக்கவாட்டில் தள்ளுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது அவருடைய முறை. அதே கருவியில் ஹாப்பர் செய்யப்போகும் தகட்டை வைத்து, சுவரோடு பொடிக்கு உள்ள உராய்வையும் அளக்கலாம். இந்த இரண்டு அளவுகளும் கையில் இருந்தால் ஹாப்பரின் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்க வேண்டும், வாய் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். சரிவு போதாவிட்டால் நடுவில் மட்டும் ஒரு குழாய்போலப் பொருள் இறங்கும், ஓரத்தில் இருப்பது மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து இறுகிக் கெடும். சரிவு சரியாக இருந்தால் உள்ளே இருப்பது முழுவதும் ஒன்றாக நகரும். முதலில் வந்தது முதலில் போகும். ஜெனிக்கேயின் கையேடு 1964-இல் வெளிவந்தது. அறுபது ஆண்டுகள் கழித்தும், கண்ணால் பார்த்து ஒரு சரிவைப் போட்டு வெல்டிங் செய்யப்படும் ஹாப்பர்கள் ஏராளம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

கலவை என்று வந்தால் பொடி இன்னொரு முகத்தைக் காட்டும். பாலில் சர்க்கரையைக் கலக்கினால் கலந்தது கலந்ததுதான். பெரிய மணியும் சிறிய மணியும் கலந்த பொடியைக் குலுக்கினால் அது பிரியத் தொடங்கும்: சிறியவை இடுக்குகள் வழியே கீழே நழுவ, பெரியவை மேலே ஏறிவிடும். குவியலாகக் கொட்டினாலோ பெரியவை சரிவில் உருண்டு அடிவாரத்துக்கு ஓடும், நைசானவை நடுவிலேயே தங்கும். முறத்தை எடுத்த கைகள் இதை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதே, முறத்தை அசைக்கும் ஒவ்வொரு விதத்துக்கும் தானியம் வேறு விதமாகப் பிரியும் என்ற அறிவின் பதிவு. சமையலறையில் வரமாக இருப்பது மருந்து ஆலையில் ஆபத்து. தைராய்டு மாத்திரை ஒன்றில் 25 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; மாத்திரையின் எடை 100 மில்லிகிராம் என்றால், நாலாயிரத்தில் ஒரு பங்குதான் மருந்து, மீதி நிரப்பும் பொடி. அந்த ஒரு பங்கு எல்லா மாத்திரைக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும். கலக்கும் டிரம்மில் அருமையாகக் கலந்த பொடி, அங்கிருந்து ஹாப்பருக்குக் கொட்டும்போது, இயந்திரத்தின் அதிர்வில், மறுபடி பிரியலாம். இன்னும் அதிக நேரம் கலக்கினால் சரியாகிவிடும் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. பல பொடிகளில் அது கலவையைக் கெடுத்தே விடும். அதனால்தான் மருந்து ஆலைகள் பொடியைப் பசை சேர்த்துக் குருணையாக்கி உலர்த்துகின்றன, அல்லது நுண்ணிய மருந்துத் துகளைப் பெரிய துகளின் மேல் ஒட்டவைக்கின்றன. ஆஸ்துமா இன்ஹேலரின் உலர்பொடியில் 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள மருந்துத் துகள்கள் பெரிய லாக்டோஸ் படிகங்களின் மேல் சவாரி செய்துவந்து, உறிஞ்சும் மூச்சில் பிரிந்து நுரையீரலுக்குள் போகின்றன. பொடியை நிறுத்திவைத்த அதே ஒட்டுதல் இங்கே வாகனமாகிவிடுகிறது.

பொடியாக இருப்பது தொல்லை என்றால் ஏன் பொடியாக்க வேண்டும்? பரப்புக்காக. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர் பரப்பு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தோளில் தூக்கிப்போகும் 50 கிலோ மூட்டைக்குள் இரண்டே முக்கால் ஏக்கர் பரப்பு சுருண்டு கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தப் பரப்பு முழுவதும் வினை தொடங்குவதால்தான் சிமென்ட் பிடிக்கிறது. அரைக்காத கிளிங்கர் கட்டிகளைத் தண்ணீரில் போட்டு வைத்தால் வீடு கட்ட முடியாது. காற்றைச் சரியான வேகத்தில் அடியிலிருந்து செலுத்தினால், பொடி மிதந்து கொதிக்கிற திரவம்போலப் புரளும் என்பதும் தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் 1920-களில் பழுப்பு நிலக்கரியை இப்படி மிதக்கவிட்டு வாயுவாக்கினார். 1942-இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில், மிதக்கும் வினையூக்கிப் பொடியைக் கொண்டு கச்சா எண்ணெயின் கனமான பகுதியைப் பெட்ரோலாக உடைக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அந்த வகைப் பிரிவு உண்டு. நெய்வேலியின் இரண்டாம் அனல் மின்நிலைய விரிவாக்கத்தில் பழுப்பு நிலக்கரியை மிதக்கவிட்டு எரிக்கும் கொதிகலன்களைக் கட்டினார்கள். ஆனால் எல்லாப் பொடியும் இப்படி மிதக்காது. பிரிட்டனின் டெரெக் கெல்டார்ட் 1973-இல் துகளின் அளவையும் அடர்த்தியையும் வைத்துப் பொடிகளை நான்கு வகையாகப் பிரித்தார். மாவு போன்ற மிக நைசான வகையில் காற்று வெடிப்புகளைக் கீறிக்கொண்டு வெளியேறிவிடும். பொடி மிதப்பதே இல்லை.

இதற்கெல்லாம் தனி அறிவியல் எதற்கு என்று ஓர் ஆட்சேபம் உண்டு. ஒவ்வொரு துகளும் நியூட்டன் விதிப்படிதானே நகர்கிறது, கணினியில் ஒவ்வொன்றையும் தொடர்ந்தால் போதாதா? கண்டல், ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் அதற்கான வழியைக் காட்டினார்கள், இன்று அது மிகப் பயனுள்ள கருவியாக வளர்ந்திருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். சிமென்ட் துகளை 20 மைக்ரான் உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு மூட்டைக்குள் ஏறத்தாழ நாலு லட்சம் கோடி துகள்கள். பெரிய கணினிகள் கோடிக்கணக்கில் துகள்களைத் தொடர்கின்றன. ஒரு மூட்டைக்கே அது எட்டாது, சைலோ எங்கே? தவிர, கணினிக்கு உராய்வும் ஒட்டுதலும் எவ்வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு மறுபடி ஜெனிக்கேயின் வளையத்தில் பொடியை அழுத்தித் தள்ளிப் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் ஆலையின் தளத்திலிருந்து வருவது, அதற்குக் கனம் அதிகம். முப்பது வருடம் அந்த ஹாப்பரோடு பழகிய ஆபரேட்டருக்குச் சத்தத்தை வைத்தே எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும், சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் இறங்கிவிடும், சோதனைக்கூடம் எதற்கு? அந்த அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முறம் பிடித்த கையின் அறிவும் அதே வகைதான், எந்தப் பாடப்புத்தகத்துக்கும் முந்தியது. ஆனால் அது ஒரு பொடியோடு, ஓர் இடத்தோடு பழகிப் பெற்ற அறிவு. மூலப்பொருள் தருபவர் மாறினால், அரைக்கும் மில் மாறினால், பருவம் மாறினால், பழைய பொடியின் பெயரோடு புதிய பொடி ஒன்று வந்து சேர்கிறது. கை அறிவு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சுத்தியலும் இலவசம் அன்று. அடித்த இடமெல்லாம் தகடு உள்ளே பள்ளம் விழுந்து, வழவழப்பாக இருந்த சுவர் மேடும் குழியுமாகி, அடுத்த முறை அந்த மேடுகளிலேயே பொடி தங்கும். அடிக்க அடிக்க அடைப்பு கூடும். உள்ளே இறங்கிக் குத்திவிடலாம் என்று போகிறவரின் கதி அதைவிடக் கொடுமை: மேலே உறைந்து நிற்கும் பாலம் இடிந்தால் நொடிகளில் ஆளை மூடிவிடும், நெஞ்சளவு தானியத்தில் புதைந்தவரைக் கையால் இழுத்து வெளியே எடுக்க முடியாது.

பொடியின் எல்லாக் குணங்களும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2008 பிப்ரவரி 7 இரவு உலகம் பார்த்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரிலிருந்த இம்பீரியல் சுகர் ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள், பலர் தீக்காயம் பட்டார்கள். சர்க்கரை சைலோக்களுக்கு அடியில் ஓடிய கன்வேயர் பெல்ட்டை, சர்க்கரை மாசுபடாமல் காக்க, சில மாதங்களுக்கு முன்புதான் இரும்புத் தகடுகளால் மூடியிருந்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் மூடிய பெட்டிக்குள் எழும் தூசை வெளியேற்ற ஏற்பாடு இல்லை. சைலோ வாயில் சர்க்கரைக் கட்டிகள் சிக்கிக்கொள்ள, பெல்ட்டிலிருந்து சர்க்கரை சிந்தித் தூசு கிளம்பி, சூடேறிய பேரிங் ஒன்று அதைப் பற்றவைத்திருக்கக்கூடும் என்பது விசாரணை அமைப்பின் முடிவு. அந்த முதல் வெடிப்பு மட்டும் அவ்வளவு உயிரைக் குடித்திருக்காது. அது கட்டடத்தை உலுக்கியது; உத்தரங்களிலும் இயந்திரங்களின் மேலும் தளங்களிலும் படிந்திருந்த சர்க்கரைத் தூசு மேலெழுந்தது; அடுத்தடுத்து அது வெடித்தது. இத்தாலியின் டூரின் நகரில் 1785-லேயே ஒரு மாவுக்கிடங்கு வெடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1878-இல் மினியாபொலிஸில் மாவு மில் வெடித்து 18 பேர் மாண்டார்கள். எரிபொருளுக்குக் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கிடைத்தால் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது பரப்பைப் பற்றிய விஷயம். சர்க்கரைக் கட்டியைத் தீக்குச்சியால் கொளுத்துவதே சிரமம், அதுவே தூசாகக் காற்றில் மிதந்தால் வெடிமருந்து.

நம் ஊரில் தெருவுக்குத் தெரு மாவு மில், மசாலா அரைக்கும் ஆலை, மரத்தூள் பறக்கும் பட்டறை, ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலை என்று எத்தனையோ இருக்கின்றன. வெடிக்கக்கூடிய தூசைப் பற்றி 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 37-ஆவது பிரிவில் எச்சரித்துவிட்டது. மிளகாய்த்தூள்தானே, மஞ்சள்தூள்தானே, சாப்பிடுகிற பொருள்தானே என்ற அலட்சியம் வேண்டாம். ஆலை வைத்திருப்பவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் இன்றைக்கே ஏணி வைத்து ஏறி, உத்தரத்தின் மேலும் ட்யூப்லைட்டின் மேலும் மின்குழாய்களின் மேலும் விரலால் தடவிப் பாருங்கள். கீழே இருக்கும் நிறம் தெரியாத அளவுக்குத் தூசு படிந்திருந்தால் அது அதிகம். அதைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஊதினால் அந்த மேகத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஈரத்துணியால் துடைத்தோ, தூசுக்கென்றே செய்த தீப்பொறி எழாத வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியோ எடுங்கள். புதிதாக ஹாப்பர் வாங்கப் போகிறவர்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் பொடியில் ஐந்து கிலோவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, சரிவு எத்தனை டிகிரி, ஏன் அத்தனை டிகிரி என்று கேளுங்கள்.